பாரில் வைத்த கூடு

ஏட்டில் ஏறியதே அறிவு, கையில் நிற்பது வெறும் பழக்கம் என்று கருதுவோர் நம்மவருள் இன்னும் பலர் உளர். அக்கருத்து எத்துணைப் பிழையுடையது என்பதற்கு மன்னார் வளைகுடாவின் மீன்கூடு ஒன்றே போதிய சான்றாகும்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப் பாறைகள் கிடக்கின்றன. பாறைத் தரையை மீனவர் 'பார்' என்பர். அதன்மேல் வலையை இழுத்தால் வலையும் கிழியும், பவளமும் உடையும். ஆதலின் மண்டபத்துக் கடலோரத்தார் மீனைத் துரத்துவதை விடுத்து, மீன் தானே வந்து புகும் வீட்டைக் கட்டினர். உடைமரத்தைச் சீவிப் பின்னிய அக்கூட்டின் வாய் வெளியே அகன்றும் உள்ளே குறுகியும் இருக்கும். பாறையிடுக்கில் ஒதுங்கும் விளைமீனும் கலவாயும் இரையையோ நிழலையோ நாடி எளிதில் நுழையும். வெளியேறும் வழியோ எளிதில் புலப்படாது. நம் நாட்டில் மலாய்க்காரர் மூங்கிலாலும் பிரம்பாலும் முடைந்த 'பூபு'வும் இந்நெறியினதே.

கூட்டை நெடுநாள் விட்டுவைத்தால் மீன் பெருகிக்கொண்டே போகும் என்று எண்ணலாகாது. ஜமெய்க்காத் தீவின் பவளக் கடலில் இத்தகைய கூடுகளை ஆராய்ந்த மன்ரோ என்பார் 1974-இல் அதனை விளக்கினார். புதியன புகுந்துகொண்டிருக்க, உள்ளிருப்பனவற்றுள் ஒரு பங்கு நாள்தோறும் தப்பிப் போகிறது. வரவும் செலவும் ஒத்துவிட்டால் பிடிப்பு அதற்குமேல் ஏறாது. எனவே, எந்நாளில் கூட்டைத் தூக்குவது என்பதே இத்தொழிலின் உயிர்நிலை.

கூட்டின் திறமே அதன் தீங்கும் ஆகலாம். கண் சிறிதாயின் குஞ்சும் தப்பாது. பாசி மேயும் கிளிமீனும் ஓராவும் குறைந்தால் பவளத்தைப் பாசி மூடும். மரக்கூடு தொலைந்தால் கடல் அதனை விரைவில் அரித்துவிடும். கம்பியும் நைலானும் கொண்ட கூடு தொலைந்தாலோ, எடுப்பாரின்றியும் பிடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே மடிந்த மீன் அடுத்த மீனுக்கு இரையாகும்.

1986-இல் அத்தீவுகளும் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டன. பவளத்தைக் காப்பது நன்றே. அஃது அழிந்தால் மீனும் இல்லை, மீனவனும் இல்லை. ஆயினும் கூட்டின் கண் எத்துணை அகலம், அதனை எதனாற் பின்னுவது, எத்தனை நாள் கடலில் விடுவது என்ற வினாக்கள் எழும்போது, பட்டம் பெற்றவரோடு பின்னியவனையும் அவையில் அமர்த்த வேண்டும். அவன் அறிவைக் கேளாது அவன் தொழிலை மட்டும் விலக்குவது நீதியாகாது. உழைப்பவனின் கையறிவும் அறிவே என்று ஒப்புக்கொள்ளும் நாளிலேதான் கடலும் பிழைக்கும், அவன் குடியும் பிழைக்கும் என்பது நமது துணிபு.