ஒப்புவித்தல்

குடியை விட முயல்பவரிடம் ‘ஆண்டவரிடம் சரண்டர் ஆகிவிடுங்கள்’ என்கிறார்கள். ‘சரண்’ என்ற ஒலி அதில் கேட்பதால் இரண்டும் ஒரே சொல் என்று தோன்றலாம், உறவே இல்லை. சரண்டர் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. விட்டுக்கொடுப்பது என்று பொருள். சரணம் வடமொழி, புகலிடம், காப்பு என்று பொருள். முன்னதில் தோற்றவன் கையைத் தூக்கி நிற்கிறான். பின்னதில் ஒரு கூரை தெரிகிறது. நாளிதழ்களோ ‘கோர்ட்டில் சரண்’ என்று எழுதி எழுதி அந்தக் கூரையையும் குற்றவாளிக் கூண்டாக்கிவிட்டன. ஏற்கெனவே அவமானத்தில் குறுகியிருப்பவருக்கு இரண்டு சொல்லும் இன்னொரு தோல்வியாகவே கேட்கும்.

தமிழ் வேதாகமத்தில் இவற்றைவிட நல்ல சொல் இருக்கிறது: ஒப்புவித்தல். சிலுவையில் இயேசு தம் ஆவியைப் பிதாவின் கைகளில் ஒப்புவித்ததை லூக்கா சொல்லும் இடத்தில் வரும் கிரேக்க வினைக்கு, ஒரு பொருளைப் பத்திரமாக வைத்திருக்கும்படி நம்பிக் கொடுத்தல் என்ற பொருளும் உண்டு. நம் பழைய ‘அடைக்கலப் பொருள்’ அதுதான். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் விடும் பகுதிக்கே அடைக்கலக் காதை என்று பெயர். அங்கே யாரும் தோற்கவில்லை, நம்பி விடுகிறார்கள். 1939-இல் வெளியான ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ நூல் குடியிலிருந்து மீளச் சொல்லும் படிகளில் மூன்றாவதிலும் சரண்டர் என்ற சொல் இல்லை; வாழ்வைக் கடவுளின் பராமரிப்பில் விடும் முடிவைத்தான் அது சொல்கிறது. ஒப்படைத்துவிட்டால் மனிதன் சோம்பிவிட மாட்டானா என்று கேட்கலாம். அடுத்த படியே தன் குறைகளை அஞ்சாமல் கணக்கெடுக்கச் சொல்கிறது. ஒன்பதாம் படி, தன்னால் காயப்பட்டவர்களுக்கு இயன்றவரை ஈடுசெய்யச் சொல்கிறது. பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதும் இதே சொல்தான். நேற்று ஒப்புவித்த பிள்ளை இன்றும் ஆசிரியர் முன் எழுந்து நிற்கிறது.