ஆக்ராவின் வாரிசுப் போரும் லண்டன் மேடையும்

1675 நவம்பரில் லண்டனின் ட்ரூரி லேன் அரங்கில் 'ஔரங்கசீப்' என்ற பெயரில் ஒரு செய்யுள் நாடகம் அரங்கேறியது. எழுதியவர் ஜான் டிரைடன். நாடகம் யாருடைய பெயரைச் சூடியிருந்ததோ அந்த மன்னர் அப்போது முகலாய அரியணையில் இருந்தார். மேலும் 31 ஆண்டுகள் ஆளவிருந்தார். உயிரோடிருந்த ஓர் இந்தியப் பேரரசரை, அவருக்குத் தெரியாமலே, ஆங்கில மேடை கதாநாயகராக்கிக்கொண்டது. ஷாஜகானின் மகன்களுக்கிடையே நடந்த வாரிசுப் போர் அன்று மேடையேறியது. அதன்பின் பல மொழிகளில், பல ஊர்களில், பல காலங்களில் திரும்பத் திரும்ப மேடையேறிவருகிறது. இந்து–முஸ்லிம் உறவைப் பற்றிப் பேச நினைத்த நாடகக்காரர்கள் பலர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இந்தக் குடும்பச் சண்டைதான்.

டிரைடனுக்குக் கதை கிடைத்தது பிரான்சுவா பெர்னியே என்ற பிரெஞ்சு மருத்துவரின் பயணநூலிலிருந்து. பெர்னியே இந்தியாவுக்கு வந்திறங்கியபோது போர் முடியும் தறுவாயில் இருந்தது. தோற்று ஓடிக்கொண்டிருந்த இளவரசர் தாரா ஷிகோவை அகமதாபாத் அருகே சந்தித்துச் சில நாட்கள் அவருக்கு வைத்தியராகவும் இருந்தார். பிறகு முகலாய அவையில் பல ஆண்டுகள் தங்கினார். அவர் நூல் 1670இல் பிரெஞ்சில் வந்தது. மறு ஆண்டே ஆங்கிலத்தில் கிடைத்தது. அதில் கண்டதை டிரைடன் தலைகீழாக்கினார். தந்தையைச் சிறையில் அடைத்த ஔரங்கசீப், அவர் நாடகத்தில் தந்தைக்கு விசுவாசமான நல்ல மகன். போரில் தோற்று இறக்கும் இன்னொரு இளவரசரின் மனைவி மெலிசிந்தா, கணவரின் சிதையில் எரிந்துபோகப் புறப்படுகிறாள். முஸ்லிம் அரச குடும்பத்தில் சிதையே கிடையாது என்பது டிரைடனுக்கு உறுத்தவில்லை. பெர்னியே விரிவாக எழுதியிருந்த உடன்கட்டைக் காட்சி அவர் மனத்தைப் பிடித்திருக்க வேண்டும். ஆக, லண்டன் மேடையில் இந்து வழக்கம் வந்து நின்றது ஒரு முகலாய இளவரசியின் உடலில், மொத்தமாகத் தவறான இடத்தில். பின்னால் வந்த ஒவ்வொரு நாடகத்திலும் இந்து எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டே போவது பயன் தரும்.

நடந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1657இல் ஷாஜகான் நோயில் விழுந்தார். மூத்தவர் தாரா ஷிகோ தந்தையின் செல்லப்பிள்ளை, வாரிசாகக் கருதப்பட்டவர். அதே ஆண்டில்தான் அவர் காசிப் பண்டிதர்களின் துணையோடு ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்து முடித்திருந்தார். அந்தப் பெயர்ப்பிலிருந்து 1801–02இல் லத்தீனுக்குச் சென்ற உபநிடதங்கள் ஐரோப்பியத் தத்துவ உலகை அடைந்தன. ஔரங்கசீப் 1658 ஏப்ரலில் தர்மத் என்ற இடத்திலும் மே மாதம் ஆக்ராவுக்கு அருகே சமூகரிலும் வென்று, தந்தையைக் கோட்டைக்குள் வைத்துப் பூட்டினார். தப்பியோடிய தாரா காட்டிக்கொடுக்கப்பட்டு, யானை மேல் தில்லித் தெருக்களில் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டு, 1659 ஆகஸ்டு இறுதியில் கொல்லப்பட்டார். இஸ்லாத்திலிருந்து வழுவியவர் என்பது குற்றச்சாட்டு. அவர் மோதிரத்தில் நாகரி எழுத்தில் 'பிரபு' என்று பொறித்திருந்ததுகூட அரசு வரலாற்றுநூலில் குற்றமாக எழுதப்பட்டது.

ஆனால் போர்க்களத்தில் அணிகள் மதத்தால் பிரியவில்லை. வரலாற்றாசிரியர் அதர் அலி மேல்நிலைப் பிரபுக்களைக் கணக்கெடுத்தபோது, தாராவின் பக்கம் 24 இந்துக்களும் ஔரங்கசீபின் பக்கம் 21 இந்துக்களும் இருந்தது தெரியவந்தது. ஏறக்குறைய சமம். இந்தப் போரை மதப்போராக நினைவில் பதித்ததில் பிற்காலக் கதைகளுக்கும் மேடைக்கும் பெரும்பங்கு உண்டு. இந்தக் கதையை மேடையேற்றும் எவரும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவில் இக்கதைக்குச் செவ்வியல் வடிவம் தந்தவர் வங்க நாடகாசிரியர் துவிஜேந்திரலால் ராய். அவருடைய 'ஷாஜகான்' 1909இல் வந்தது. வங்கப் பிரிவினைக்குப் பிந்திய சுதேசி எழுச்சியின் காலம் அது. இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய ராய்க்கு ஷேக்ஸ்பியர் நன்றாகத் தெரியும். பிள்ளைகளால் கைவிடப்பட்டுக் கோட்டைக்குள் புலம்பும் அவருடைய ஷாஜகானிடம் லியர் மன்னனின் சாயலை விமரிசகர்கள் கண்டிருக்கிறார்கள். வங்காளிகள் இன்றும் பாடும் தேசபக்திப் பாடலான 'தன தான்ய புஷ்ப பரா' இந்த நாடகத்துக்குள் வருவது. தர்மத் போரில் தோற்றுத் திரும்பிய ராஜபுத்திர அரசர் ஜஸ்வந்த் சிங்கின் முகத்துக்கெதிரே அவர் மனைவி கோட்டைக் கதவைச் சாத்தினாள் என்ற கதையையும் பெர்னியே எழுதியிருக்கிறார். ராயின் நாடகத்தில் அந்த ராஜபுத்திர வீரம் பெரிய இடம் பெறுகிறது. மெலிசிந்தாவின் உடலுக்குள் ஒளிந்திருந்த இந்து, இங்கே வாளேந்திய ராஜபுத்திரராக வெளியே வருகிறார். இருந்தும் நாடகத்தின் இதயம் ஒரு முஸ்லிம் தந்தையின் துயரத்தில்தான் துடிக்கிறது. கடைசியில் ஷாஜகான் மகனை மன்னிக்கிறார். வகுப்புப் பிளவு கூர்மையடைந்துகொண்டிருந்த காலத்தில் பெரும்பாலும் இந்துக்கள் நிறைந்த கல்கத்தா அரங்கு, அந்தக் கிழவருக்காகக் கண்ணீர் விட்டது சிறிய விஷயம் அல்ல.

விடுதலைக்குப் பிறகு சரித்திர நாடகத்தின் நோக்கு மாறியது. கிரீஷ் கர்னாட் 1964இல் கன்னடத்தில் எழுதிய 'துக்ளக்'கில், ஒரு முஸ்லிம் வண்ணான் பிராமணனாக வேடமிட்டு, சுல்தான்மேல் வழக்குத் தொடுத்து வெல்கிறான். மதச் சமத்துவம் பேசும் அரசு, வேடத்தை உண்மையாக எடுத்துக்கொண்டு ஏமாறுகிறது. 1974இல் தில்லி புராணா கிலாவின் இடிபாடுகளுக்கு நடுவே இப்ராகிம் அல்காசி இதை நடத்தியது இந்திய மேடையின் பெரிய நிகழ்வுகளில் ஒன்று.

அதே தில்லியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த இந்திரா பார்த்தசாரதி 1970களில் 'ஔரங்கசீப்' எழுதினார். கருப்புப் பளிங்கில் இன்னொரு மாளிகை எழுப்பும் கனவில் ஆழ்ந்த ஷாஜகான், எல்லாச் சமயங்களும் ஒன்று கலக்கும் நாளைய உலகத்தில் வாழும் தாரா, ஒரே மதம் ஒரே சட்டம் என்று நிற்கும் ஔரங்கசீப், ஆளுக்கொரு தம்பியின் பக்கம் நிற்கும் ஜகானாரா, ரோஷனாரா. தமிழ் நாடகத்தில் இதற்கு முன்னோடி இல்லை என்றே சொல்லலாம். மொகலாய அரண்மனையைத் தமிழ் மேடை அதுவரை பார்த்தது பெரும்பாலும் பகட்டு உடைக்காகவும் பாட்டுக்காகவும். இந்த நாடகத்தில் ஔரங்கசீப் வில்லன் அல்ல. தான் சொல்வதை முழுமையாக நம்பும் தனிமையான மனிதர். இது பிறகு இந்திக்குப் பெயர்க்கப்பட்டு, கே.எஸ். ராஜேந்திரன் இயக்கத்தில் தில்லியில் நடத்தப்பட்டது. தமிழில் எழுதப்பட்ட முகலாய அரண்மனை, அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பின்னர், இந்தியும் உருதும் கலந்த தில்லிப் பார்வையாளர்களிடம் போய்ச் சேர்ந்தது.

லண்டனில் இக்கதை மீண்டும் உயிர்பெற்றது குடியேறியவர்கள் வழியாக. 1976இல் சவுத்ஹாலில் ஒரு சீக்கிய இளைஞர் இனவெறிக்குப் பலியானார். அந்தக் கொலையின் அதிர்ச்சியில், அடுத்த ஆண்டே ஜதிந்தர் வர்மாவும் நண்பர்களும் தாரா ஆர்ட்ஸ் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். (தமிழ் எழுத்தில் குழுவின் பெயரும் இளவரசரின் பெயரும் ஒன்றாகத் தெரிந்தாலும் இரண்டும் வேறு, குழுவின் பெயருக்கு விண்மீன் என்று பொருள்.) வர்மா தாருஸ்ஸலாமில் பிறந்து நைரோபியில் வளர்ந்து 1968இல் பிரிட்டனுக்கு வந்தவர். குழுவின் முதல் நாடகம் தாகூர் எழுதியது. தெற்காசிய நடிகர்கள் தங்கள் உடலசைவோடும் இசையோடும் தங்கள் ஆங்கிலத்தோடும் நடிக்கும் முறைக்கு வர்மா 'பிங்லிஷ்' என்று பெயரிட்டார்.

1990இல் இக்குழுவினரைக் கொண்டு அவர் நேஷனல் தியேட்டரில் மொலியேரின் 'தார்த்தூஃப்' நாடகத்தை மேடையேற்றினார். கதை எளியது. பக்தி வேடமிட்ட ஒருவன் ஒரு பணக்காரர் வீட்டுக்குள் புகுந்து, அவர் மகளையும் சொத்தையும் கைப்பற்றப் பார்க்கிறான். வீட்டு எஜமானர் கண்மூடித்தனமாக அவனை நம்புகிறார். மனைவி அவரை மேசைக்கடியில் ஒளித்துவைத்து உண்மையைக் காட்ட வேண்டியிருக்கிறது. 1664இல் வெர்சாயில் பதினான்காம் லூயி முன்னால் நடிக்கப்பட்ட இந்த நாடகம், மதவாதிகளின் எதிர்ப்பால் தடைபட்டு 1669இல்தான் தடையின்றிப் பொது அரங்குக்கு வந்தது.

அந்த ஐந்து ஆண்டுகளின் பெரும்பகுதியில் பெர்னியே ஔரங்கசீபின் நாட்டில் இருந்தார். வர்மாவின் மொத்த மறுவாக்கமும் இந்தக் காலப்பொருத்தத்தின்மேல் எழுந்தது. அவர் நாடகத்தை ஔரங்கசீபின் அவைக்கு மாற்றினார். அரசவைப் பண்டிதர் ஒருவர் பிரெஞ்சு நாடகத்தை மொழிபெயர்த்து அவையில் நடத்திக் காட்டுகிறார் என்று சட்டகம் அமைத்தார். பார்வையாளர் கண்முன் இசைக்கருவிகளோடு, நடிகர்களே கதைசொல்லிகளாக மாறிமாறி வரும் இந்திய முறையில் அது நிகழ்ந்தது. லூயி 1685இல் புராட்டஸ்டண்டுகளின் உரிமைச் சாசனத்தை ரத்து செய்தவர். ஔரங்கசீப் 1679இல் முஸ்லிம் அல்லாதோர் மீதான ஜிஸியா வரியை மீண்டும் விதித்தவர். மதவேடத்தைக் கேலி செய்யும் நாடகத்தை மதப்பற்று மிகுந்த மன்னர் முன்னால் நடத்துவதன் ஆபத்து பாரிசுக்கும் தில்லிக்கும் பொது. மொலியேரின் முடிவில் மன்னரின் அதிகாரி வந்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். பல விமரிசகர்களுக்கு இது ஒட்டவைத்த முடிவாகப்படும். ஆனால் ஔரங்கசீப் முன்னிலையில் அதே காட்சிக்கு வேறு கனம் வருகிறது: கலைஞர்கள் தங்கள் தலையைக் காத்துக்கொள்ள அரசருக்குச் செய்யும் புகழ்ச்சி அது.

மொழிபெயர்ப்பாளரைப் பண்டிதராக்கியதுதான் இம்மறுவாக்கத்தின் ஆழமான செயல். இந்து இங்கே சிதையில் ஏறவில்லை, வாளேந்தவுமில்லை. ஒரு சொல்லை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகிறார். தாரா ஷிகோவோடு உட்கார்ந்து உபநிடதம் பெயர்த்த காசிப் பண்டிதர்களின் வழிவந்த வேலை அது. சல்மான் ருஷ்டியின் நாவல் 1989 ஜனவரியில் பிராட்ஃபோர்டில் எரிக்கப்பட்டு, பிப்ரவரியில் அவருக்கு மரண ஆணை பிறப்பிக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு இது. பிரிட்டனின் தெற்காசியர்கள் இந்துக்கள், சீக்கியர்கள், முஸ்லிம்கள் என்று தனித்தனியே எண்ணப்படத் தொடங்கிய நேரம். ஆசிய நடிகர்கள் ஒரு மதவேடக்காரனைப் பற்றிய நாடகத்தை அப்போது எடுத்தது துணிச்சல். பிரெஞ்சு உடையிலிருந்து இந்திய உடைக்கு மாற்றியதால், வேடம் எந்த ஒரு சமயத்தாருக்கும் மட்டும் உரியதல்ல என்பதையும் மேடை காட்ட முடிந்தது. அடுத்து, நேஷனல் தியேட்டரில் குழு சமஸ்கிருத 'மிருச்சகடிக'த்தையும் நடத்தியது.

இக்கதையின் அடுத்த வரவு லாகூரிலிருந்து. ஜியா உல் ஹக் ஆட்சிக் காலத்தில் மதீஹா கௌஹர் தொடங்கிய அஜோகா நாடகக் குழு, பாகிஸ்தான் மேடையில் சூஃபி மரபை அரசியல் மொழியாக்கியது. அவர் கணவர் ஷாஹித் நதீம் எழுதிய 'தாரா' 2010இல் அங்கு நடத்தப்பட்டது. உருதும் கவ்வாலியும் நடனமும் கலந்த அந்த நாடகத்தில், ஔரங்கசீப் காலத்தில் தலை வெட்டப்பட்ட அம்மணத் துறவி சர்மதுக்கு முக்கிய இடம் உண்டு. அவர் சமாதி இன்றும் தில்லி ஜாமா மசூதிக்கு அருகில் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் ஔரங்கசீபை நல்ல முஸ்லிம் மன்னராகச் சித்திரித்த நாட்டில், தோற்றவரின் பெயரை நாடகத்துக்கு வைத்ததே ஒரு நிலைப்பாடு.

2015 ஜனவரியில் இந்த நாடகத்தை டான்யா ராண்டர் ஆங்கிலத்தில் மறுவாக்கம் செய்ய, நாடியா ஃபால் இயக்கத்தில் நேஷனல் தியேட்டர் நடத்தியது. காலம் முன்னும் பின்னும் புரண்டு, சகோதரர்களின் இளமைக்கும் முடிவுக்கும் இடையே கதை ஓடியது. ஔரங்கசீப் இளம் வயதில் காதலித்த ஹீரா பாய் என்ற இந்துப் பெண்ணும் வருகிறார். 'இந்துக்களை வெறுத்தவர்' என்று ஒரே வரியில் அறியப்பட்டவரின் மனத்துக்குள் ஓர் இந்துப் பெண்ணின் இழப்பை வைத்தது, வெறுப்பின் வேரைத் தேடும் முயற்சி. இதன் வரலாற்று ஆதாரம் மெலிது. மேடையில் அது தந்த மனிதத்தன்மை மெலிதல்ல.

இந்தத் தயாரிப்பின் மையம் தாராவின் விசாரணை. உண்மையில் நீண்ட திறந்த நீதிமன்றம் எதுவும் நடந்ததாகப் பதிவில்லை. உலமாக்களின் தீர்ப்பும் கொலையும் விரைவாக முடிந்தன. வரலாறு மறுத்த விசாரணையை நாடகம் முழுமையாக நடத்திக் கொடுத்தது. ஷரியத் என்ன சொல்கிறது, அல்லாவை அடையும் பாதை ஒன்றா பலவா, அடுத்தவர் வேதத்தைப் படிப்பது குற்றமா என்று முஸ்லிம்களே முஸ்லிம்களிடம் வாதாடினார்கள். மேற்கில் முஸ்லிம்களைப் பற்றிப் பிறர் பேசிக்கொண்டிருந்த அந்த ஆண்டில், அவர்கள் தங்களுக்குள் வாதிடுவதை அமர்ந்து கேட்க வேண்டிய நிலையில் லண்டன் பார்வையாளர்கள் இருந்தார்கள். இந்து–முஸ்லிம் உறவு பற்றிய நாடகம் இங்கே, இந்துவைப் பற்றி முஸ்லிம் என்ன நினைக்க வேண்டும் என்ற உள்வீட்டு வழக்காக ஆகிவிடுகிறது. இந்துவின் குரல் மீண்டும் ஓரத்துக்குப் போனது இதன் குறை. லாகூர் நாடகத்தில் வாதத்தைச் சுமந்த இசையின் இடத்தை லண்டனில் பெரும்பாலும் வசனம் பிடித்துக்கொண்டது இன்னொன்று.

தாராவாக ஸுபின் வர்லா நடித்தார். அவருக்கு எதிராக வழக்காடிய அரசுத் தரப்பு வாதியாக, இலங்கைத் தமிழ் வேர்கள் கொண்ட பிரசன்ன புவனராஜா நின்றார். டிரைடனின் நாடகம் நடந்த ட்ரூரி லேனிலிருந்து நேஷனல் தியேட்டருக்குத் தேம்ஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் போதும், நடந்தே போகலாம்.