குடியேறியவரும் குடிகொண்ட அம்மையும்

ஓர் ஊரை "எம் ஊர்" என்று ஒருவர் உரிமையோடு சொல்லுதற்கு அடிப்படை யாது? பிறந்த மண் என்பர் சிலர். வீடும் நிலமும் என்பர் சிலர். உற்றாரும் சுற்றமும் என்பர் வேறு சிலர். இவையெல்லாம் உண்மையே. ஆயினும், பிறந்த மண்ணை விட்டு, வீடும் நிலமும் இன்றி, உற்றாரையும் பிரிந்து கடல் கடந்து சென்றவர்கள், தாம் சென்ற இடத்தையே தம் ஊராக ஆக்கிக்கொண்ட வரலாறும் நம் கண்முன் உள்ளது. அவர்கள் கைக்கொண்ட வழி யாது என்று ஆராயுமிடத்து, திருக்கோயிலின் பெருமையை நாம் புதியதொரு கோணத்தில் உணரலாம்.

நம் தாய்மொழியில் "குடி" என்னும் சொல் வீட்டையும் குறிக்கும், குடும்பத்தையும் குறிக்கும், ஊரில் வாழும் மக்களையும் குறிக்கும். மக்கள் ஓரிடத்துக்கு வந்து தங்குவதைக் குடியேறுதல் என்கிறோம். தெய்வம் ஓரிடத்தில் எழுந்தருளியிருப்பதைக் குடிகொள்ளுதல் என்கிறோம். இரண்டிற்கும் ஒரே சொல்லை முன்னோர் வைத்தது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. கோயில் இல்லாத ஊரில் குடியிருக்கலாகாது என்று அவர்கள் உரைத்ததும் இக்கருத்துப் பற்றியே. மக்கள் குடியேறினால் மட்டும் ஓரிடம் ஊராகிவிடாது. அவர்களோடு தெய்வமும் குடிகொள்ள வேண்டும் என்பது அவர்தம் துணிபு. இதற்குச் சான்றாக இரண்டு கோயில்களின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

முதலாவது, சிங்கப்பூர் மாரியம்மன் திருக்கோயில். 1819-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ராபிள்ஸ் என்பவர் சிங்கப்பூர்த் தீவில் ஒரு வாணிபத் துறையை நிறுவினார். அவ்வாண்டு மே மாதத்தில் அவர் மீண்டும் அங்கே சென்றபோது, பினாங்கிலிருந்து "இந்தியானா" என்னும் கப்பலில் அவருடன் சென்றவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். பினாங்கில் அரசாங்க அலுவல் பார்த்து வந்த அவர், புதிய ஊருக்குக் கட்டடங்கள் வேண்டும், கட்டடங்களுக்குச் செங்கல் வேண்டும் என்பதை உணர்ந்து, அங்கே செங்கற்சூளை ஒன்றைத் தொடங்கினார். துணி வாணிபமும் செய்தார். இடையில் அவருடைய கடை தீக்கிரையாகிப் பெரும் இழப்பு நேர்ந்தது. எனினும் மனந்தளராது மீண்டும் தலையெடுத்தார்.

பிழைப்புக்காக வந்தவர்கள் பொருள் சேர்ந்தபின் தாயகம் திரும்புவதே இயல்பாக இருந்த காலம் அது. ஆயினும் நாராயண பிள்ளை அங்கே ஒரு கோயில் வேண்டும் என்று முயன்றார். முதலில் தெலுக் ஆயர் வீதியில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் அங்கே பூசைக்கு வேண்டிய நன்னீர் இல்லை. அம்மைக்குத் திருமஞ்சனம் செய்யத் தண்ணீர் கிடையாத இடத்தில் கோயில் எவ்வாறு அமையும்? அதனால் அவ்விடம் கைவிடப்பட்டது. 1821-இல் வேறோர் இடம் கிடைத்தது. மறு ஆண்டிலேயே வகுக்கப்பட்ட நகரமைப்புத் திட்டத்தில் அந்த இடம் வேறு பயனுக்கு உரியதாயிற்று. இறுதியில், 1823-ஆம் ஆண்டில், இன்று சவுத் பிரிட்ஜ் சாலை என வழங்கும் இடத்தில் நிலம் வாய்த்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1827-இல், மரத்தாலும் கீற்றுக் கூரையாலும் ஆன சிறு கோயில் எழுந்தது. அங்கே சிறிய மாரியம்மன் திருவுருவம் ஒன்றை நாராயண பிள்ளை பிரதிஷ்டை செய்வித்தார்.

அன்று கட்டப்பட்டது கீற்றுக் கொட்டகையே. ஆயினும் அன்று முதல் அத்தீவில் தமிழர் நிலை மாறிற்று. அதுவரை அவர்கள் அங்கே வேலை செய்பவர்கள். அன்று முதல் அங்கே குடியிருப்பவர்கள். இதன் காரணம் எளிது. மனிதன் எந்நேரமும் மூட்டை கட்டிக்கொண்டு புறப்படலாம். ஆனால் முறைப்படி நிலைநிறுத்தப்பட்ட மூலமூர்த்தியை நினைத்தபோது பெயர்த்துக்கொண்டு போகலாகாது. அம்மைக்கு நாள்தோறும் விளக்கேற்ற வேண்டும், நீராட்ட வேண்டும், அமுது படைக்க வேண்டும். ஒருவர் தாயகம் திரும்பினாலும் மற்றொருவர் அப்பணியை ஏற்க வேண்டும். இவ்வாறு விட்டுச் செல்ல இயலாத ஒரு கடமை ஏற்பட்டவுடன், அந்த இடம் அந்நிய மண்ணாக இருப்பது ஒழிந்து சொந்த மண்ணாயிற்று. எந்த இடம் நமக்கு வசதி தருகிறதோ அது தங்குமிடம்; எந்த இடத்துக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோமோ அதுவே நம் ஊர்.

அந்தக் கோயில் பூசை நடக்கும் இடமாக மட்டும் நிற்கவில்லை. கப்பலை விட்டு இறங்கிய புதியவர்கள், வேலையும் இருப்பிடமும் கிடைக்கும்வரை அங்கேயே தங்கினர். முகம் தெரியாத ஊரில் வந்து நிற்பவனுக்கு, தன் மொழியில் "வா" என்று அழைக்கும் குரல் அங்கே கேட்டது. இந்துக்களின் திருமணத்தை நடத்திப் பதிவு செய்யும் இடமாகவும் அக்கோயில் விளங்கிற்று. தனியாக வந்தவன் இல்லறத்தானாகி வேரூன்றியது அம்மையின் சந்நிதியிலேயே.

பிறகு கோயிலும் ஊரோடு சேர்ந்து வளர்ந்தது. 1831-இல் அன்பர் ஒருவர் அளித்த நிலக்கொடையால் அதன் எல்லை விரிந்தது; அக்கொடை கல்வெட்டிலும் பொறிக்கப்பெற்றது. 1840-ஆம் ஆண்டு முதல் தீமிதித் திருவிழா நடைபெற்று வருகிறது. இன்றுள்ள செங்கற் கட்டடத்தின் மிகப் பழைய பகுதி 1843-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1903-இல் கோபுரம் எழுப்பப்பெற்று, 1925-இல் இப்போதுள்ள கோபுரமாகப் புதுப்பிக்கப்பட்டது. 1973-இல் சிங்கப்பூர் அரசு இக்கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. பிழைக்க வந்தோர் வேய்ந்த கீற்றுக் கொட்டகை, ஒன்றரை நூற்றாண்டில் ஒரு நாட்டின் பொதுச் செல்வமாக மதிக்கப்பட்டது! 2023-ஆம் ஆண்டில் அங்கே மீண்டும் மகா கும்பாபிஷேகம் சிறப்புற நிறைவேறியது.

செல்வம் கொழித்த துறைமுகத்தில் இவ்வாறு நிகழ்ந்தது வியப்பன்று என்று சிலர் கருதக்கூடும். அவர்கள் இரண்டாவது வரலாற்றையும் கேட்டல் வேண்டும்.

பர்மா நாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்ந்து வந்தனர். உழவரும் தொழிலாளரும் வணிகரும் அவருள் இருந்தனர். 1962-இல் அங்கே இராணுவ ஆட்சி ஏற்பட்டு, 1963, 1964-ஆம் ஆண்டுகளில் வாணிபங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, இலட்சக்கணக்கான இந்தியர்கள் அந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. தமிழர் பலர் கப்பலேறிச் சென்னைத் துறைமுகம் வந்து சேர்ந்தனர். அரசாங்கம் முகாம்கள் அமைத்து அவர்களைப் பேணியது. மூதாதையரின் நாடுதான், பேசும் மொழியும் ஒன்றுதான். ஆயினும் பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தாயகமும் புதிய நாடாகவே தோன்றியது. அவர்களுள் சிலர், தாம் வளர்ந்த மண்ணுக்கே திரும்புவதென்று துணிந்து, தரைவழியே வடகிழக்கு நோக்கிப் புறப்பட்டனர். மணிப்பூர் மாநிலத்தின் எல்லையில், பர்மாவின் தமு நகருக்கு எதிரே உள்ள மோரே என்னும் சிற்றூரை அடைந்தனர். எல்லையைக் கடந்து செல்ல அந்நாட்டார் இடந்தரவில்லை.

முன்னே செல்ல வழியில்லை. பின்னே திரும்ப மனமில்லை. இத்தகைய நிலையில் நின்ற அந்த மக்கள் மோரேயிலேயே தங்கினர். சிறு தொழில்களும் வாணிபமும் செய்து பிழைத்தனர். அவர்கள் அங்கே அங்காள பரமேசுவரியையும் முனீசுவரரையும் எழுந்தருளச் செய்து வழிபட்டனர். அந்த வழிபாடு வளர்ந்து, தென்னாட்டு முறையில் கோபுரத்தோடு கூடிய திருக்கோயிலாயிற்று. சுற்றிலும் வேறு மொழி, வேறு உடை, வேறு வழக்கம். அவற்றின் நடுவே தமிழ் ஒலிக்கும் ஒரு சந்நிதி. பின்னாளில் அப்பகுதியில் நேர்ந்த கலவரங்களால் தமிழ்க் குடும்பங்கள் பல வேறிடம் நாடின. எனினும் இருந்தவர்கள் அம்மையின் வழிபாட்டைக் கைவிட்டாரில்லை. பர்மா அவர்களைப் புறம் தள்ளிற்று. தாயகம் அவர்கள் மனத்தில் ஒட்டவில்லை. எல்லையோரத்து மண்ணைத் தம் ஊராக்கிக்கொள்ள அங்காளம்மை துணை நின்றாள்.

இவ்விரு வரலாறுகளையும் கும்பாபிஷேகத் திருநாளில் நினைப்பதற்குத் தக்க காரணம் உண்டு. மூலமூர்த்தியைப் பீடத்தோடு இணைப்பது அஷ்டபந்தன மருந்து என்பதை அன்பர்கள் அறிவர். கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்து அது ஆக்கப்படுகிறது. மூர்த்தியும் கல், பீடமும் கல். ஆனால் அவ்விரண்டையும் பிணைப்பது கல்லன்று. இளகும் தன்மையுடைய பொருளே. அது காலத்தால் உலர்ந்து பிடிப்பு விடும். ஆதலின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும் என்று பெரியோர் வகுத்தனர்.

மக்களுக்கும் ஊருக்கும் உள்ள பிணைப்பும் இத்தகையதே. ஒருமுறை குடியேறிவிட்டோம், இனி என்றும் இது நம் ஊரே என்று இருந்துவிட முடியாது. பிள்ளைகள் தொழில் நாடி வேற்றூர் செல்கின்றனர். பழைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரே தெருவில் இருப்பவரும் ஒருவரையொருவர் அறியாதிருக்கின்றனர். பிணைப்பு உலர்ந்து வருவதன் அடையாளங்கள் இவை. திருப்பணி என்று ஒன்று தொடங்கியதும், வெளியூரில் இருப்பவரும் பொருள் அனுப்புகின்றனர். உள்ளூரில் இருப்பவர் உடலுழைப்பைத் தருகின்றனர். மனம் வேறுபட்டிருந்தவர்களும் ஒரே பந்தலில் கூடுகின்றனர். பீடத்தில் மருந்து சாத்தப்படும்போது ஊரின் பிணைப்பும் புதுப்பிக்கப்படுகிறது.

ஆகவே, இத்திருப்பணிக்குச் செங்கல் ஒன்றை ஈந்தவரும், கோபுரக் கலசத்தை ஈந்தவரும், ஒருநாள் கூலியைக் காணிக்கையாக்கியவரும் செய்தது ஒரே அறமே. பின்வரும் தலைமுறையார் எந்நாட்டில் வாழ்ந்தாலும், "எம் ஊர் இது" என்று சுட்டிக்காட்ட ஓரிடத்தை அவர்கள் நிலைநாட்டியிருக்கின்றனர். புதிதாக இவ்வூருக்கு வருகின்றவரையும், அன்று சிங்கப்பூர்க் கோயில் கப்பலிலிருந்து இறங்கியவரை ஏற்றதுபோல், இக்கோயில் வாயில் முகமலர்ந்து ஏற்குமாயின் அவ்வறம் முழுமை பெறும். அனைவர்க்கும் தாயாகி அருளும் அம்மை, திருப்பணி செய்த அன்பர்கள் குடி விளங்கவும், இவ்வூர் செழிக்கவும் திருவருள் புரிவாளாக!