சரக்கு வழி சுற்றுலா வழியான கதை: போடி மலைச்சரிவு, 1902 முதல் இன்று வரை

போடிநாயக்கனூருக்கு வருகிறவர்கள் பார்க்க விரும்பும் இடங்கள் குரங்கணி, டாப் ஸ்டேஷன், கொழுக்குமலை, போடிமெட்டு. இந்த நான்கும் ஒரு காலத்தில் தேயிலையும் ஏலக்காயும் அரிசியும் ஏறி இறங்கிய தடங்கள். சரக்கு நின்றபின் இத்தடங்களுக்குப் பயணிகள் வந்தார்கள். ஆனால் அந்த வரவில் போடிக்குக் கிடைத்த பங்கு மிகக் குறைவு. அது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாள ரயில் போடப்பட்டது. பெட்டியின் எடையில் பெரும்பகுதியைத் தண்டவாளத்தில் ஓடும் சக்கரம் தாங்கும். பெட்டி சாயாதபடி, பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் மண்சாலையில் உருளும். இழுத்தவை மாடுகள். 1908இல் இது இரண்டடி அகல இருப்புப்பாதையாகி, நீராவி எஞ்சின் வந்தது. டாப் ஸ்டேஷனில் இறக்கிய தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி சுமார் ஐந்து கிலோமீட்டர் கீழே, கொட்டகுடிக்கு வந்தன. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. பிறகு கப்பலில் இங்கிலாந்து. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன், பாட்டம் ஸ்டேஷன் என்ற ஊர்ப்பெயர்கள் இந்தக் கம்பிவடம் விட்டுச்சென்றவை.

1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. கேரளத்தார் இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று சொல்வது இதைத்தான். ரயில்பாதை அடித்துச் செல்லப்பட்டது. மீண்டும் போடப்படவே இல்லை. நான்கு ஆண்டு கழித்து, 1928இல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தபோது மலைமேல் அதனோடு இணையவேண்டிய ரயில் இல்லாமற்போயிருந்தது.

அடுத்த முடிச்சு எல்லையில் விழுந்தது. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, தமிழர்கள் போராடியும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. டாப் ஸ்டேஷனும், ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் தேயிலை விளையும் கொழுக்குமலையும் தேனி மாவட்டத்து மண். இருந்தும் வண்டியில் போக வேண்டுமானால் இரண்டுக்கும் கேரளம் வழியாகவே: ஒன்றுக்கு மூணாறு வழி, மற்றதற்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப். விடுதி வாடகையும் ஜீப் வாடகையும் மேலேயே தங்கிவிடுகின்றன. போடியிலிருந்து இவற்றுக்கு நேராக ஏற மிஞ்சியிருப்பது குரங்கணிக் காட்டுப்பாதை மட்டுமே. போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டையூசி வளைவுகளோடு நல்ல சாலை இருக்கிறது. அதில் விடியற்காலையில் விரையும் ஜீப்புகளில் பெரும்பாலும் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள்தாம் இருப்பார்கள்.

2010இல் 'மைனா' படம் குரங்கணியைத் தமிழகமெங்கும் காட்டியது, மலையேறுவோர் பெருகினர். 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் மாண்டனர். கோடையில் காய்ந்து நிற்கும் போதைப்புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதும், தீக்கு முன்னே எந்தச் சரிவில் ஓடக்கூடாது என்பதும் மலையில் வாழும் முதுவர்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு அன்றைய ஏற்பாட்டில் இடமில்லாதது எனக்கு ஆறாத வருத்தம். அவ்வாண்டே அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024இல் வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு பாதை இடம்பெற்றது.

பழைய சரக்கு வழியைக் காப்பாற்றிய முன்னுதாரணம் ஒன்று உண்டு: வேல்ஸ் நாட்டில் ஸ்லேட் கல் சுமந்த டாலிலின் என்ற சிறு ரயில்பாதை மூடப்படும் நிலைக்கு வந்தபோது, 1951இல் தன்னார்வலர்கள் அதை ஏற்று நடத்தினார்கள். 2021இல் அந்த ஸ்லேட் நிலப்பரப்பு உலகப் பாரம்பரியச் சின்னமானது. நம் ரயிலை வெள்ளம் கொண்டுபோனதால் அதே வழி நமக்கில்லை. ஆனால் கம்பிவட நிலையத்தின் எச்சங்கள் டாப் ஸ்டேஷனில் கிடக்கின்றன. அவற்றை அளந்து, படமெடுத்து, தொல்லியல் பதிவில் சேர்க்கலாம். 2023 ஜூனில், அகலப்பாதையாக மாற்றப்பட்ட தடத்தில் ரயில் மீண்டும் போடிக்கு வந்துவிட்டது. சென்னையிலிருந்து நேராக வந்து இறங்கலாம். இறங்குகிறவரைக் கொட்டகுடிக்கு அழைத்துப்போய், தேயிலைப் பெட்டி வந்திறங்கிய இடம் இதுதான் என்று காட்ட, முதுவர் இளைஞர்களை ஊதியத்தோடு வழிகாட்டிகளாக அமர்த்துவது முதல் வேலை. குரங்கணியிலிருந்து மேலே தார்ச்சாலை கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு பேசவேண்டியது.