டாலர் நோட்டில் இறுகிய வாய்

போன மாசம் தாத்தாவுக்குப் பல் செட் வெச்சாங்க. அப்புறம் மூணு வாரம் அவர் யார்கிட்டயும் சரியா பேசல. கோபமா இருக்கார்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். கடைசில பாட்டிதான் சொன்னாங்க: "கோபமெல்லாம் இல்லடா. 'சரி'ன்னு சொன்னா விசில் வருது. அந்தக் கூச்சம்."

எனக்கு உடனே ஜார்ஜ் வாஷிங்டன் ஞாபகம் வந்துச்சு.

ஒரு டாலர் நோட்டைப் பாருங்க. உதடு உப்பி, வாய் இறுகி, யாரையோ முறைக்கிற மாதிரி ஒரு முகம். 1796இல் கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைஞ்ச ஓவியம்தான் அதுக்கு மூலம். அந்த இறுக்கத்துல பல் செட்டுக்கும் பங்கு உண்டு.

1789இல் முதல் அதிபராப் பதவியேற்றப்போ அவருக்கு மிச்சமிருந்த சொந்தப் பல் ஒண்ணே ஒண்ணு. மரப்பல் கட்டியிருந்தார்ங்கிறது வெறும் கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், ஈயம், மாட்டுப் பல், மனுஷப் பல் இதெல்லாம் வெச்சுதான் அவருடைய செட்டுகளைச் செஞ்சாங்க.

டிசைனைக் கேளுங்க. மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் பின்னாடி ஸ்பிரிங் இணைக்கும். ஸ்பிரிங் எப்பவும் ரெண்டையும் விரிச்சுத் தள்ளும். அதாவது, வாய் திறந்திருக்கிறதுதான் டீஃபால்ட்! மூடணும்னா தாடையை இறுக்கிக்கிட்டே இருக்கணும். செட் உதட்டை வெளியே தள்ளுதுன்னு 1798இல் தன் பல்மருத்துவர் ஜான் கிரீன்வுட்டுக்கு அவர் கடிதம் எழுதினார். மறு வருஷம் இறந்துட்டார். கடைசிவரைக்கும் அந்தச் சிக்கல் தீரல.

அவர் கஷ்டமாவது கடிதத்துல இருக்கு. 1784 மே மாசம் அவர் பண்ணைக் கணக்குல ஒரே ஒரு வரி: ஒன்பது பல்லுக்காகக் கறுப்பின மக்களுக்கு 122 ஷில்லிங். அவர் பண்ணையில உழைச்ச அடிமைகளோட பல்லா இருக்கணும்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. 'முடியாது'ன்னு சொல்ற உரிமை அடிமைக்கு ஏது? கொடுத்தவங்க பேர்கூட அந்த வரியில இல்ல. அவங்களுக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு யாரும் எழுதி வைக்கவும் இல்ல.

தாத்தாவோட செட் அக்ரிலிக். ஸ்பிரிங் கிடையாது, எச்சில் படலத்தாலயே மேல் தட்டு ஒட்டி நிக்குது. ஆனாலும் நாக்கும் கன்னமும் பழகணும். சின்னச் சின்னத் துண்டா, ரெண்டு பக்கமும் மெல்லணும். தினமும் சத்தமாப் படிச்சுப் பழகச் சொன்னார் டாக்டர்.

இப்போ காலையில பேப்பர் வந்ததும் தாத்தா எனக்கு வாசிச்சுக் காட்டுறார். விசில் இன்னும் வருது. நான் ஹெட்போனைக் கழட்டி வெச்சிட்டுக் கேட்கிறேன்.