மாடி ரூமில் சிக்னல் இல்லையா? கைகொடுக்கும் 'மெஷ்' வைபை

சென்னை: ஹாலில் நெட் பறக்கிறது. மாடி ரூமுக்குப் போனால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. மாடி வீட்டுக்காரர்கள் பலருக்கும் இதே தலைவலிதான்.

காரணம் என்ன?

5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரைத் தாண்டினால் துவண்டுவிடும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் இரும்பு பீரோவும் இரண்டுக்குமே எதிரி.

மெஷ் என்ன செய்யும்?

இதில் 2 அல்லது 3 சிறிய பெட்டிகள் இருக்கும். ஒன்று மோடத்துடன் கேபிளில் இணையும். மற்றவை அதனிடம் சிக்னல் வாங்கி வீடு முழுக்க பரப்பும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு.

எங்கே வைப்பது?

சிக்னலே எட்டாத ரூமில் பெட்டியை வைத்தால் பிரயோஜனம் இல்லை. பாதி வழியில், மாடிப்படி பக்கம் வைக்கலாம். பெட்டிகளுக்கு இடையே லேன் கேபிள் இழுத்தால் வேகம் அவ்வளவாக குறையாது.

வாங்கும் முன் கவனிங்க!

மோடம் பக்கத்திலேயே வேகம் இல்லை என்றால் கோளாறு லைனில். மெஷ் வாங்கினால் காசு தண்டம். சின்ன வீடு என்றால், டிவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ரூட்டரை வீட்டின் நடுவில் உயரமாக வைத்துப் பாருங்க. பெரும்பாலும் அதுவே போதும்.