பல்வேரின் உள்வழியைக் கண்ட வரலாறு

நோயுற்ற பல்லைப் பிடுங்கி எறிவதே பல் வைத்தியம் எனக் கருதப்பட்ட காலம் மிக நெடியது. அதனை வாயில் நிறுத்திக் காத்தல் கூடும் என்பது பின்னெழுந்த எண்ணமாகும். அங்ஙனம் காப்பதற்கு, வேரினுள்ளே நரம்பும் குருதிக் கலங்களும் செல்லும் நுண்ணிய கால்வாய்களைத் துப்புரவாக்கி அடைத்தல் வேண்டும். ஒரு கால்வாய் கண்ணிற்குத் தப்பினும் அதனுள் எஞ்சிய கிருமிகளால் வேர்நுனியிற் சீழ் கட்டும். ஈற்றிற் பல்லையே இழக்க நேரும். ஆதலால் கால்வாய்களின் தொகையையும் போக்கையும் அறிதல் இவ்வைத்தியத்தின் முதற்கடனாயிற்று. இவ்வறிவு இருவழியாக வளர்ந்தது: ஒன்று பிடுங்கிய பல்லை ஆராய்ந்த வழி, மற்றையது வாயிலுள்ள பல்லைக் கதிரினாற் கண்ட வழி.

முதல்வழியிற் சென்றோருள் வியன்னா நகரத்துக் கரபெல்லி ஒருவர். கீழ்த்தாடை முதலாங் கடைவாய்ப்பல்லில், வழக்கமான இரு வேர்களுக்கு மேலாக மூன்றாவது வேரொன்று சிலரிடத்து உண்டென்பதை அவர் 1844 ஆம் ஆண்டிற் குறித்தார். சுவிற்சலாந்தைச் சேர்ந்த வோல்ற்றர் ஹெஸ் ஏறத்தாழ 2,800 பற்களின் கால்வாய்களில் இறப்பரைச் செலுத்தி இறுகச்செய்து, பல்லை அமிலத்திற் கரைத்தார். எஞ்சிய இறப்பர் அச்சுக்கள் கிளைவிட்ட மரங்கள்போலத் தோன்றின. 1917 இல் வெளிவந்த இவ்வாராய்ச்சி, வேருக்கொரு நேரான குழாயே உண்டு என்னும் கருத்தைத் தகர்த்தது. மேற்றாடை முதலாங் கடைவாய்ப்பல்லின் முன்வெளி வேரில், ஏறக்குறைய அரைப்பங்கு பற்களில் இரு கால்வாய்கள் உளவென வைனும் அவர் துணைவரும் 1969 இற் காட்டினர். கால்வாய்கள் ஒன்றிணைந்து பிறைபோல் வளைந்திருக்கும் அமைப்பை 1979 இற் குக், கொக்ஸ் என்போர் விளக்கினர்.

ஆயினும் இவையெல்லாம் பொதுவறிவேயாம். நாற்காலியில் அமர்ந்துள்ள நோயாளியின் பல் எவ்வகையினது என்பதை இவை உரைக்கமாட்டா.

அக்குறையை நீக்கப் புகுந்தது இரண்டாம் வழி. 1895 இல் றொன்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே ஜேர்மனியப் பல் வைத்தியர் ஒற்றோ வல்க்கொவ் 25 நிமிடங் கதிர்முன் கிடந்து தம் பற்களைப் படமெடுத்தார். நியூ ஓர்லியன்ஸ் நகரத்து எட்மண்ட் கெல்ஸ் 1899 இல் வேர்க்கால்வாயினுள் ஈயக்கம்பியை இட்டு அதன் நீளத்தைப் படத்தில் நோக்கினார். எனினும் படம் நிழலேயன்றோ? ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும் இருவரின் நிழல் ஒன்றாய் விழுதல்போல, முன்பின்னாயமைந்த இரு கால்வாய்கள் ஒரே கோடாய்த் தோன்றின.

நிழலுக்கு ஆழம் அளித்தவர் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட். அவரது சி.ரி. பொறி 1971 இல் முதன்முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. 1979 இல் கோமக்குடன் நோபெற் பரிசும் அவரைச் சேர்ந்தது. எனினும் மிகுந்த கதிரளவும் செலவும் அப்பொறியைப் பல் வைத்தியத்திற்கு எளிதில் உதவவொட்டாது தடுத்தன. 1998 இல் இத்தாலியின் மொற்சோ குழுவினர், கூம்புவடிவக் கதிர் தலையைச் சுற்றி ஒருமுறை வந்து முப்பரிமாண உருவத்தைத் தரும் பொறியை விவரித்தனர். அதிற் கதிரளவு பெரிதுங் குறைந்தது. யப்பானிய அறிஞர் அறாய் முதலியோர் சில பற்களை மட்டும் படமெடுக்கும் சிறுபொறியை ஆக்கினர். இன்று வைத்தியர் வேரைக் குறுக்காக வெட்டினாற்போல் தட்டுத்தட்டாக நோக்கி, மறைந்த கால்வாயையும் பிறைவடிவையும் கருவியெடுக்குமுன்னரே அறிகின்றார். இறந்த பல்லில் ஹெஸ் கண்டதை உயிருள்ள பல்லிற் காணும் பேறு இங்ஙனம் கிட்டியது.

இப்பேற்றிற்கு விலையும் கொடுக்கப்பட்டது. படச்சுருளைப் பல நோயாளிகளின் வாயில் தம் கையாலேயே பிடித்த கெல்ஸ், கதிரினால் விரல்களையும் பின்னர்க் கையையும் இழந்து, 1928 இல் தம்முயிரைத் தாமே மாய்த்தார். எளிய படம் போதாதவிடத்தே இம்முறையைக் கைக்கொள்க என 2010 இல் அமெரிக்க நிபுணர் சங்கங்கள் விடுத்த அறிவுரையை இவ்வரலாற்றோடு வைத்து எண்ணுதல் தகும். காணும் ஆற்றல் பெருகப் பெருக, எப்பொழுது காணவேண்டும் எனத் தெரியும் விவேகமும் பெருகுதல் வேண்டும்.